ரப்பரக்காவும் தாழ்ப்பாள் நாடகமும்

அந்த ஊரில் ‘தாழ்ப்பாள்’ நாடகத்துக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பயந்துகொண்டே கேட்டார்கள், அது வேறு விஷயம். வாரத்தில் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு, வானொலியில் முதலில் ஒரு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் வரும். பிறகு ஒன்றும் வராது. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று யாராவது எழுந்து பார்க்கப் போகிற அளவுக்கு ஒன்றும் வராது. அப்புறம், காதோரம் வாயை வைத்துச் சொல்வதுபோல் ஒரு குரல் கேட்கும்: “தாழ்ப்பாள் போட்டாச்சா?”

அவ்வளவுதான். மீசை வைத்த ஆண்பிள்ளைகள்கூட எழுந்துபோய் வாசல் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்காருவார்கள்.

கதை வாரத்துக்கு ஒன்று. ஆனால் அடிப்படை ஒன்றேதான். ஒரு வீடு, உள்ளே ஓர் ஆள், வெளியே அந்தக் குரல். அதட்டாது, மிரட்டாது. தன்மையாகப் பேசிப் பேசியே கதவைத் திறக்க வைத்துவிடும். திறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நாடகம் சொல்லாது. ஒரு நாற்காலி சாயும். எங்கேயோ குழாய் சொட்டும். நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவிப்பாளர் சொல்வார். வீட்டில் யாரும் கொஞ்ச நேரத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட நாடகத்தைக் கையில் எடுத்து அழிக்கிற வேலை, ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரோ அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. விதி சில சமயம் இப்படித்தான் ஆள் பார்த்து விளையாடும். அவளை வானொலி நிலையத்தில் எல்லோரும் ரப்பரக்கா என்பார்கள். எழுதியதை அழிக்க ரப்பர்; பேசியதை அழிக்க ரப்பரக்கா.

டேப் அறை நிலையத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் அலமாரி. டேப் கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. ஆகவே ஒலிபரப்பு முடிந்ததும் எதுவாக இருந்தாலும் அழித்துவிட்டு, அதே டேப்பில் அடுத்ததைப் பதிய வேண்டும் என்பது நிலையத்தின் வழக்கம். பாட்டு, பேச்சு, நாடகம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. இதையெல்லாம் பின்னால் ஒருத்தர் தேடிக்கொண்டு வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அழிப்பதற்கென்று ஒரு காந்த மேசை இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் உறுமும். டேப் சுருளை அதன்மேல் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றியபடியே தூக்கி, கை எட்டும் தூரம் வரை நிதானமாக விலக்க வேண்டும். அப்புறம் புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. அவசரப்பட்டால், துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணியில் பூ தெரிவதுபோல, பழைய சத்தம் மங்கலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அழித்த டேப்பை மெஷினில் ஓட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் பெட்டியில் வெள்ளைப் பட்டை ஒட்டலாம். டேப்பே மடங்கிக் கசங்கிப் போயிருந்தால் சிவப்புப் பட்டை. அதை யாரும் தொட மாட்டார்கள், மெஷின் கெட்டுவிடும். மாடியில் இருந்த பதிவு மெஷின்களுக்குப் பழையதைத் தானே அழித்துக்கொள்ளும் பாகம் ஒன்று உண்டு. அது தேய்ந்துபோய், புதியது வருகிறது வருகிறது என்று வராமலே இருந்தது. ஆக, அந்த நிலையத்தில் நிசப்தம் என்று ஒன்று இருந்தால் அது ரப்பரக்காவின் கைச்சரக்கு.

நல்ல வேலைக்காரி. ஆனால் பயம். லிஃப்டில் ஏற மாட்டாள், நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. மூடிய பெட்டியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பின்னால் யாராவது தும்மினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான், நிலையத்தில் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் ஊற்றுக்கண் இருந்தது. அதை அவள் கட்டினவரிடம்கூடச் சொன்னதில்லை.

அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. அப்பா இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சின்னப் பெண்ணை வீட்டுக்குள் விட்டு, “உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோ. நான் வந்து கூப்பிட்டாத்தான் திறக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போவாள். மாடி வீடு. ஒருநாள் மத்தியானம், மழை. படியில் காலடிச் சத்தம் ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றது. கைப்பிடி அசைந்தது. ஓர் ஆணின் குரல், தாழ்வாக, “உள்ளே யாரும் இல்லையா?” என்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் கீழ் இடுக்கில் நிழல் தெரிந்தது. காலடிச் சத்தம் இறங்கிப் போகும் போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கேட்கவே இல்லை. மழை இரைச்சலில் அமுங்கிவிட்டதா, இல்லை அந்த ஆள் போகவே இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் அம்மா வந்து தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவள் திறக்கவில்லை. அம்மாவின் குரலைக்கூட நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாறை போட்டுக் கதவைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. தாழ்ப்பாளுக்குப் புது ஆணி அடித்துச் சரிசெய்தார்கள். அவளை யாரும் சரிசெய்யவில்லை. அவள் மனசுக்குள் அந்த ஆள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

இப்படி ஒருத்தி அந்த நாடகத்தை எப்படிக் கேட்பாள்? வீட்டில் அவளுடைய மாமியார் ‘தாழ்ப்பாள்’ பைத்தியம். ரேடியோ முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, “திறக்காதடி, மூதேவி! சொன்னா கேளு!” என்று உள்ளே இருக்கும் பெண்ணுக்குப் புத்தி சொல்வார். அந்த நேரம் முழுக்க ரப்பரக்கா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

“ஏம்மா, அவ திறந்துட்டா. போச்சு” என்று மாமியார் வந்து முடிவைச் சொல்வார்.

“எனக்கு எதுக்கு அத்தை அதெல்லாம்?”

“ரேடியோ ஆபீஸ்ல சம்பளம் வாங்குற, இதுகூடக் கேக்கலைன்னா எப்படி?”

அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தையல்காரர். மெஷின் ஊசி விரலில் ஏறியதிலிருந்து அவருக்கு முன்போல் கை ஓடவில்லை. மகள் படித்துக்கொண்டிருந்தாள். ரப்பரக்காவுக்கு இருந்த பயங்களிலேயே பெரிய பயம், இந்த வேலை போய்விடுமோ என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்கு உலை வைத்தது அவளுடைய இன்னொரு பயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ‘தாழ்ப்பாள்’ டேப் ஒன்றை அழித்துவிட்டு விதிப்படி கேட்டுப் பார்த்தாள். தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. கடைசியில் இரைச்சலுக்கு அடியிலிருந்து, அழித்த பிறகும் போகாத அந்தக் குரல், மெல்ல, மிக மெல்லக் கேட்டது. “நீ உள்ளேதான் இருக்கே. எனக்குத் தெரியும்.”

ஹெட்போனைப் பிய்த்து வீசிவிட்டு அலறினாள். மாடியிலிருந்து ஆள் ஓடி வந்தது. “எலி” என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு அந்த நாடக டேப்பை மட்டும் அவள் கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்பது இருக்கட்டும், கையில் பிடிக்கவே கூசியது. மேசைமேல் வைப்பாள், ஒரு சுற்று, வெடுக்கென்று எடுத்துவிடுவாள். மறுபக்கம் புரட்டுவதுகூட இல்லை. வெள்ளைப் பட்டையை ஒட்டி, அலமாரியின் அடித்தட்டில் பின்னால் தள்ளிவிடுவாள். டேப் எடுக்க வருகிறவர்கள் முன்வரிசையிலிருந்துதான் எடுப்பார்கள் என்று தைரியம். அவளுடைய வாழ்க்கையில் தைரியம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதுவும் தப்பான இடத்தில்.

வருஷங்கள் போயின. பின்வரிசை பெருத்தது.

பிறகு ஒரு சமயம் புது டேப் வரத்து அடியோடு நின்றது. முன்வரிசை காலியாயிற்று. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெஷின் அண்ணன் (பதிவு மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர், அதிகம் பேசாத ஆள்) ஒருநாள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து, குனிந்து, அடித்தட்டில் கையை விட்டுப் பின்வரிசையிலிருந்து ஒரு பெட்டியை உருவிக்கொண்டு போனார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் படியேறிப் போய்விட்டார்.

அந்த டேப்பில் பதிந்தது, நம்பினால் நம்புங்கள், ‘காலை அமைதி’ நிகழ்ச்சி. மனநல மருத்துவர் ஒருவர் தேன் போன்ற குரலில் பேசுவார். மறுநாள் காலையில் ஊர் முழுக்க ரேடியோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. “கண்களை மூடிக்கொள்ளுங்கள்” என்றார் மருத்துவர். “வீட்டில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். எங்கும் அமைதி. அந்த அமைதியைக் கேளுங்கள்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். ஊரே அமைதியைக் கேட்டது.

“தாழ்ப்பாள் போட்டாச்சா?”

அன்று காலையில் பால்காரருக்கு ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. நிலையத்தின் டெலிபோன் சாயங்காலம் வரை ஓயவில்லை. யாரோ ஒரு வக்கீல் நாற்காலியோடு சாய்ந்து மண்டையில் வீங்கிக்கொண்டாராம். மாமியார் மட்டும், “இப்ப காலையிலேயும் போடறாங்க பாரு” என்று சந்தோஷப்பட்டார்.

நிலைய அதிகாரி அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தப் பெட்டி. அதன்மேல் அவள் ஒட்டிய வெள்ளைப் பட்டை, மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டு.

“இது யார் ஒட்டினது?”

“நான்தான் சார்.”

“கேட்டுப் பாத்துட்டு ஒட்டினீங்களா?”

தலையை மட்டும் ஆட்டினாள், ஆமா என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிற மாதிரி.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

“கொஞ்சம் சார்.”

அடித்தட்டை இழுத்துப் பார்த்தபோது கொஞ்சம் என்பது ஓர் அலமாரி நிறைய இருந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். “இங்க பாருங்கம்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒவ்வொண்ணையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டிக் கேளுங்க. எதுல என்ன மிச்சம் இருக்குன்னு பாத்து, சுத்தமா அழிச்சு, மறுபடி கேட்டு, அப்புறம் பட்டை ஒட்டுங்க. நானே வந்து சோதிப்பேன். ஒண்ணுல ஒரு மூச்சுச் சத்தம் கேட்டாலும் உங்களை வச்சுக்க முடியாது.”

தூக்கில் போடுகிறேன் என்றிருந்தால் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள்.

அடித்தள அறையில், பல்பு வெளிச்சத்தில், ரப்பரக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள், பின்னால் இடம் இருக்கக் கூடாது என்று. அறைக்கதவைத் திறந்தே வைத்தாள். பிறகு அது பயமாக இருந்தது, மூடினாள். மூடியது அதைவிடப் பயமாக இருந்தது. கடைசியில் நாற்காலியை முட்டுக்கொடுத்துப் பாதி திறந்து வைத்தாள்.

குரல் பேசியது. முழுசாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி அழிந்து, இரைச்சலுக்கு அடியில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதுபோலவே பேசியது. வியர்வையில் ஹெட்போன் வழுக்கியது. ஒவ்வொரு டேப்பிலும் உள்ளே ஒருத்தி, வெளியே ஒருவன். ஒவ்வொருத்தியும் திறந்தாள். தாயிடமிருந்து தந்தி வந்திருக்கிறது என்று சொன்னதும் ஒருத்தி திறந்தாள். தாகமாக இருக்கிறது என்றதும் ஒருத்தி. ஒன்றுமே சொல்லாமல் அழுததும் ஒருத்தி. நாற்காலி சாயும் சத்தம் கேட்டதும் ரப்பரக்கா டேப்பைக் கழற்றிக் காந்த மேசைக்கு ஓடுவாள், இருபக்கமும் நிதானமாகச் சுற்றுவாள், திரும்பக் கேட்பாள். கடைசியில் சுத்தமான நிசப்தம் வரும்போது அவளுக்கு அழுகை வரும்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஒரு டேப்பில், உள்ளே இருந்தவள் திறக்கவில்லை.

ஒரு சின்னப் பெண்ணின் கதை அது. குரல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. அவள் திறக்கவில்லை. ரப்பரக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் காலடிச் சத்தம். படியில் ஒன்று, இன்னொன்று, கீழே, இன்னும் கீழே. மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போயிற்று. உள்ளே அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டாள். நாடகம் முடிந்தது.

ரப்பரக்கா அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். போகிறான். கேட்கிறது. தன் வாழ்க்கையில் கேட்கவே கேட்காத அந்தச் சத்தம் இந்தக் கசங்கிய இரைச்சலுக்குள் இருந்தது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்ட அத்தனை வருஷமும் இதையும் சேர்த்துத்தான் மூழ்கடித்திருக்கிறாள்.

தலையை நிமிர்த்தியபோது வாசலில், முட்டுக்கொடுத்த நாற்காலிக்கு அந்தப் பக்கம், அந்தக் குரல் நின்றுகொண்டிருந்தது.

அதாவது, பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். ஊரை நடுங்க வைத்த குரல் அவருடையது. பகலில் கிளினிக், மாலையில் நாடகம். ஒல்லியான, தொட்டால் உடைந்துவிடுவார் போன்ற மனிதர். குரல் தெரிந்துவிட்டதால் பாதி நோயாளிகள் நாற்காலியில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம்.

“பயப்படாதீங்கம்மா. என்னாலதான் உங்களுக்கு இந்தத் தொல்லைன்னு சொன்னாங்க. பக்கத்துல உக்காந்துக்கட்டுமா, துணைக்கு?”

அந்தக் குரலே துணைக்கு வருகிறேன் என்றால் யார்தான் என்ன சொல்வது? அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். டாக்டர் தயங்கித் தயங்கி ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். நாடகம் வரும் நேரத்தில் அவர் அடுத்த வார ஒத்திகையில் இருப்பாராம். ஒருநாளும் வெளியிலிருந்து கேட்டதில்லையாம். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. பாதியில் கழற்றிவிட்டார்.

“இது நானா?”

“நீங்கதான் டாக்டர்.”

“எங்க வீட்ல ஏன் யாரும் கேக்கறதில்லைன்னு இப்பத்தான் புரியுது.” கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். “டாக்டர், இந்தக் கதையில திறக்காம இருந்ததும் நீங்க போயிடுறீங்களே. படி இறங்கி.”

“ஓ, அதுவா? அந்தக் காலடியும் நான்தான்.” டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ஸ்டூடியோவுல ஏது படி? ஒரு மரப்பலகை போட்டிருப்பாங்க. அதுமேல நின்ன இடத்துலயே மிதிப்பேன். மிதி மெதுவாகணும், மெதுவாகணும், அப்புறம் குதிகாலை வைக்கவே கூடாது. கேக்கறவங்களுக்குத் தூரமாப் போயிட்ட மாதிரி இருக்கும்.”

“அப்ப நீங்க போகலையா?”

“எங்க போறது? மைக் முன்னாலயேதான் நிப்பேன். மூச்சை அடக்கிக்கிட்டு.”

அவள் சட்டென்று அறைக்கதவின் கீழ் இடுக்கைப் பார்த்தாள். மழை, கதவிடுக்கு, நிழல். மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நிற்பவன். டாக்டர் பாவம், தான் என்ன சொன்னோம் என்று புரியாமல் விழித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போகும்போது நாற்காலியில் இடறி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த டேப்பைக் காந்த மேசைமேல் வைத்து ஸ்விட்சில் கைவைத்தாள். அழித்துவிட்டால் தொல்லை விட்டது. வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும், மகள் படிப்பு நிற்காது. பொய்யான காலடிக்காக யாராவது சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்வார்களா? இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கை ஸ்விட்சைப் போடவில்லை. பொய்யோ நிஜமோ, அவன் போவதை அவள் கேட்டிருக்கிற ஒரே இடம் அதுதான்.

டேப்பின் தொடக்கத்தைக் கட்டைவிரலால் மடித்தாள். நகத்தால் அழுத்திக் கசக்கினாள். பெட்டியில் போட்டுச் சிவப்புப் பட்டை ஒட்டினாள். பட்டை கோணலாகப் போயிற்று.

மீதி நாட்களில் எல்லாவற்றையும் கேட்டாள். கதவைத் திறந்தவர்களையெல்லாம் அழித்தாள். திறக்காத கதைகள் ரொம்பக் குறைவு. நாடகத்தை எழுதியவருக்குப் பொதுவாக அவ்வளவு இரக்கம் இல்லை. கிடைத்ததற்கெல்லாம் முனையை மடித்துச் சிவப்புப் பட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தாள்.

அதிகாரி சோதிக்க வந்தார், மெஷின் அண்ணனோடு. வெள்ளைப் பட்டைப் பெட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக் கேட்டார். நிசப்தம், நிசப்தம், நிசப்தம். தலையாட்டினார். பிறகு கண் சிவப்புப் பக்கம் போயிற்று.

“இதெல்லாம்?”

“மடங்கிப்போச்சு சார்.”

ஒரு பெட்டியைத் திறந்து டேப்பின் முனையை இழுத்துப் பார்த்தார். மடிப்பு. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் மடிப்பு, அதே இடத்தில்.

“எல்லாம் ஒரே மாதிரி மடங்கியிருக்கே. ஒண்ணை மெஷின்ல போடுங்க, கேப்போம்.”

மெஷின் அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டார். மடிப்பைப் பார்த்தார். அதில் பதிந்திருந்த நகக்குறியையும் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“மடிஞ்ச டேப்பைப் போட்டா மெஷின் தலை போயிடும் சார்” என்றார். “ஏற்கனவே ஒரு பாகத்துக்கு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்.”

அதிகாரி பெட்டியைத் திரும்ப வைக்கச் சொன்னார். வேலை தப்பியது. மெஷின் அண்ணன் அதைப் பற்றி அவளிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது காதிலிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதோடு சரி.

நாடகம் பிறகு நின்றது. டாக்டர் காலமானார், மாமியார் காலமானார், மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். ரப்பரக்கா ஓய்வுபெற்றாள். அந்தப் பயம் மட்டும் ஓய்வுபெறவில்லை. என்றைக்காவது அந்தப் பெட்டிகளைத் திறப்பார்கள், நகக்குறியைப் பார்ப்பார்கள், பென்ஷனை நிறுத்துவார்கள். நிலையத்து ஜீப் மாதிரி ஏதாவது தெருவில் போனால்கூட ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவாள்.

கடைசியில் திறந்தார்கள். பழைய அறையைக் காலி செய்தபோது குப்பைக்குப் போக வேண்டிய சிவப்புப் பட்டைப் பெட்டிகளை யாரோ ஒருவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ‘தாழ்ப்பாள்’ நாடகத்தில் உலகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான் என்று பத்திரிகையில் வந்தது. புது மெஷினில் சுத்தம் செய்து மறுபடி ஒலிபரப்பினார்கள். குரல் கதவுக்கு வெளியிலிருந்தே வருவதுபோல் எப்படி மங்கலாகப் பதிந்திருக்கிறார்கள், அந்தக் காலத்திலேயே என்ன நுட்பம் என்று ஒரு விமர்சகர் வியந்து எழுதினார். ரப்பரக்கா அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மாடி வீடுதான், இப்போதும். சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். வானொலி நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி, மரியாதையான ஆள். அவள் சங்கிலியை எடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, நின்றபடியே பேசினார்.

“நீங்க டேப் ரூம்ல இருந்தீங்கன்னு சொன்னாங்கம்மா. ஒரு சந்தேகம். இதுல எந்தக் கதையிலயும் யாருமே கதவைத் திறக்கலை, யாருமே சாகலை. பயமுறுத்துற நாடகம்னு சொல்றாங்க, ஆனா உண்மையில இது தைரியம் சொல்ற நாடகம்னு நாங்க நினைக்கிறோம். சரிதானே?”

மாமியார் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ரப்பரக்கா இடுக்கு வழியாகவே, “தெரியாதுங்க. நான் நாடகம் கேக்கறதில்ல” என்றாள்.

“அதுல சேதம்னு பட்டை ஒட்டினது யாருன்னாவது தெரியுமா? மடிப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

“தெரியாதுங்க.”

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். “சரிம்மா. வரேன்” என்றார்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். காதை மரத்தில் வைத்தாள். படியில் காலடிச் சத்தம். ஒன்று, இன்னொன்று. கீழே, இன்னும் கீழே. மெலிந்தது. மெலிந்து நின்றது.

நின்றதா, போனதா? நம்பாமல் அங்கேயே நிற்கிறாரா? குதிகாலை வைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு? குனிந்து கதவிடுக்கைப் பார்த்தாள். நிழல் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இப்படியே சாயங்காலம் வரை உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளால் முடியும். செய்திருக்கிறாள்.

கை மேலே போயிற்று. சங்கிலியை எடுத்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். அது நாடகத்தின் தொடக்கத்தில் வருகிற அதே சத்தம் போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள், அகலமாக, சுவரில் போய் இடிக்கிற வரைக்கும்.

படி வெறிச்சோடிக் கிடந்தது. கடைசிப் படி வரைக்கும் வெயில். வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை திரும்பியது. அந்தச் சத்தம் முழுசாகத் தேய்ந்துபோகும்வரை அவள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். “யாரு வந்தது?”

“யாருமில்லைங்க. போயாச்சு.”

“தாழ்ப்பாள் போட்டாச்சா?”

அவள் படிகளை இன்னொரு தடவை பார்த்தாள்.

“இல்லைங்க. கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்.”